பேஸ் கேபினெட்டில் ஸ்பீக்கர் ஒலிக்கவில்லையா: அறிகுறியை வைத்துப் பழுதைக் கண்டறியும் முறை

நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள் பொருத்திய ஒரு பேஸ் கேபினெட்டில் (பேஸ் கிட்டாருக்கான ஸ்பீக்கர் பெட்டியில்) இரண்டு ஒலிக்காமல் போய்விட்டால், இரண்டும் எரிந்துவிட்டன என்று முடிவு கட்டிப் புதிதாக இரண்டை வாங்கிவிடுகிறவர்கள் பலர். கழற்றியவற்றை மேசைமேல் வைத்து அளந்து பார்த்தால், பெரும்பாலும் அவற்றில் ஒன்று குறையேதும் இல்லாமல் இருக்கும். தன் ஜோடி போனதால் மின்னோட்டம் கிடைக்காமல் அது சும்மா நின்றிருக்கிறது, அவ்வளவுதான். ஒலிக்காத ஸ்பீக்கரெல்லாம் பழுதான ஸ்பீக்கர் ஆகிவிடாது. ஆகவே ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள்.

வேலைக்கு அதிகம் தேவையில்லை. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, பேட்டரி ஒன்று, நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஸ்பீக்கர் கேபிள் ஒன்று, டார்ச் விளக்கு ஒன்று போதும். ஆம்ப்ளிஃபையரை அணைத்து, கேபினெட்டை அதிலிருந்து முழுவதும் பிரித்த பிறகே அளக்க வேண்டும். வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும்: ஸ்பீக்கர் இணைக்காமல் அதை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பாழாகும் வாய்ப்பு உண்டு என்பதால், கேபினெட்டைப் பிரித்திருக்கும் நேரம் முழுவதும் ஆம்ப் அணைந்தே இருக்கட்டும்.

முதலில் ஜாக்கில் ஓர் அளவு

ஸ்பீக்கர் கேபிளின் ஒரு முனையைக் கேபினெட்டின் ஜாக்கில், அதாவது கேபிள் செருகும் துளையில், செருகி, மறுமுனையில் மீட்டரை ஓம் நிலையில் வைத்து அளந்து பாருங்கள். கேபினெட்டின் பின்புறம் 8 ஓம் என்று எழுதியிருந்தால் மீட்டர் 8 காட்டாது, ஏறக்குறைய 5.5 முதல் 6.5 வரை காட்டும். எழுதியிருப்பது இம்பிடன்ஸ், அதாவது மாறுதிசை மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு. மீட்டர் அளப்பது ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளின், அதாவது காயிலின், வெறும் மின்தடை. 4 ஓம் கேபினெட் 3 அல்லது 3.5 ஓம் அளவில் காட்டும். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்தால் வரும் 0.2 அல்லது 0.3 ஓம் அளவை மறக்காமல் கழித்துக்கொள்ள வேண்டும். குறைந்த மின்தடைகளை அளக்கும்போது இந்தச் சின்ன எண் முடிவையே மாற்றிவிடும்.

இந்த ஓர் எண்ணிலிருந்து எவ்வளவு தெரியவரும் என்பது, உள்ளே ஸ்பீக்கர்கள் எப்படி இணைக்கப்பட்டுள்ளன என்பதைப் பொறுத்தது. பள்ளியில் தொடர் இணைப்பு, பக்க இணைப்பு என்று படித்தவற்றைத்தான் பழுது பார்ப்பவர்கள் சீரிஸ், பேரலல் என்கிறார்கள். நான்கு ஸ்பீக்கர்கள் கொண்ட 8 ஓம் கேபினெட்டைப் பொதுவாக மூன்று விதமாக இணைக்கலாம். மூன்றிலும் எல்லாம் நலமாக இருந்தால் ஜாக்கில் 6 ஓம் அளவே வரும். ஒன்று அறுந்தால்தான் வேறுபாடு வெளிப்படும்.

முதல் வகையில், 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டிரண்டாக சீரிஸில் சேர்ந்து, அந்த இரண்டு ஜோடிகளும் பேரலலாக நிற்கும். ஒரு காயில் அறுந்தால் அதன் ஜோடியும் ஊமையாகிவிடும். ஜாக்கில் 6 இருந்த இடத்தில் 12 ஓம் காட்டும். இரண்டு ஸ்பீக்கர் வாங்கி ஏமாறுவது இந்த வகையில்தான்.

இரண்டாவது வகையில், இரண்டிரண்டாகப் பேரலலில் இணைந்த ஜோடிகள் ஒன்றோடொன்று சீரிஸில் இருக்கும். இங்கே ஒன்று அறுந்தால் அது மட்டுமே ஊமையாகும். ஜாக்கில் ஏறத்தாழ 9 ஓம் வரும். ஆனால் இந்த வகையைப் பற்றி நான் எல்லோரிடமும் தனியாகச் சொல்லும் ஓர் எச்சரிக்கை உண்டு. அறுந்ததன் ஜோடியாக இருந்த ஸ்பீக்கர், ஆம்ப் தரும் மின்னழுத்தத்தில் பாதிக்குப் பதில் மூன்றில் இரண்டு பங்கை இப்போது தனியாகத் தாங்குகிறது. அதன்மேல் விழும் பவர் முன்பிருந்ததைப் போல் ஏறக்குறைய 1.8 மடங்கு. மற்ற இரண்டுக்கும் கிடைப்பது முன்பு கிடைத்ததில் பாதிகூட இல்லை. ஒன்று ஊமை, ஒன்று வழக்கத்தைவிட உரத்து ஒலிக்கிறது, இரண்டு அடங்கி ஒலிக்கின்றன என்றால் வாசிப்பதை உடனே நிறுத்திவிடுங்கள். அடுத்து எரியப் போவது அந்த உரத்து ஒலிப்பதுதான்.

மூன்றாவது வகையில் 32 ஓம் ஸ்பீக்கர்கள் நான்கும் பேரலலில் இருக்கும். ஒன்று போனால் 6 ஓம் 8 ஆகும், இரண்டு போனால் 12 ஆகும். எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட பெரிய கேபினெட்டுகளிலும் இதே முறை உண்டு. அங்கே ஒன்று போனால் ஜாக்கில் 3 ஓம் 3.4 ஆக மாறும், அவ்வளவே. கேபிளின் மின்தடைக்குள்ளேயே மறைந்துவிடும் வேறுபாடு அது. எட்டு ஸ்பீக்கர் கேபினெட்டில் ஜாக் அளவு சரியாக வந்தது என்பதற்காக எல்லாம் நலம் என்று நம்பிவிடக் கூடாது.

கேபினெட் முழுவதும் ஒலிக்கவில்லை

எல்லா ஸ்பீக்கர்களும் ஒரே நாளில் சாவது அரிது. முழு அமைதி என்றால் முதலில் கேபிள், அடுத்து ஜாக், அதன் பிறகே மற்றவை. கேபிளை மாற்றிப் பாருங்கள். கிட்டாரிலிருந்து ஆம்புக்குப் போகும் கேபிளை ஸ்பீக்கர் கேபிளாகப் பயன்படுத்தியிருந்தால் அதை இன்றோடு விட்டுவிடுங்கள். அதன் நடுக் கம்பி மெல்லியது, ஸ்பீக்கருக்குரிய மின்னோட்டத்தில் சூடேறி உள்ளேயே உருகி ஷார்ட் ஆகக்கூடும்.

6.35 மில்லிமீட்டர் ஜாக்காக இருந்தால் உள்ளே தொடும் தகடு தளர்ந்தோ கறுத்தோ போயிருக்கலாம். பிளக்கை நாலைந்து முறை செருகி எடுத்ததும் ஒலி திரும்பினால் குற்றவாளி அதுதான். தொடர்பு முனைகளைச் சுத்தம் செய்யும் திரவம் தற்காலிகமாக உதவும், ஜாக்கையே மாற்றுவது நிரந்தரத் தீர்வு. ஸ்பீக்கான் இணைப்பி என்றால், செருகிய பின் திருகிப் பூட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பூட்டாத ஸ்பீக்கான் உள்ளே போனதுபோல் தோன்றும், ஆனால் தொடாது. இன்னொரு சிக்கலும் அதில் உண்டு: ஆம்பைப் பிரிட்ஜ் நிலையில் (இரண்டு சேனல்களையும் ஒன்றாகச் சேர்த்து) ஓட்டும்போது பல ஆம்புகள் 1+, 2+ ஆகிய முனைகளில் ஒலியைத் தரும், சாதாரணக் கேபிளும் கேபினெட்டும் 1+, 1− முனைகளைத்தான் பயன்படுத்தும். எல்லாம் நன்றாக இருந்தும் ஒலியே வராத விசித்திரத்துக்கு இது ஒரு காரணம்.

மோனோ, ஸ்டீரியோ சுவிட்ச் அல்லது மேல், கீழ் அலைவரிசைகளைப் பிரிக்கும் சுவிட்ச் பின்புறத்தில் இருந்தால், அதை இருபுறமும் பத்துத் தடவை தள்ளிப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே நிலையில் கிடந்த சுவிட்சின் உள்முனைகள் கறுத்துப்போவது இயல்பு. கேபினெட்டின் சரிபாதி மட்டும் ஒலிக்கவில்லை என்றாலும் இந்தச் சுவிட்சைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

ஜாக்கில் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிய எண்ணைக் காட்டினால் எங்கோ ஷார்ட் இருக்கிறது; ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிட்டது அதனால்தான். அதை மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது ஆம்புக்குக் கேடு.

ஒன்றோ இரண்டோ மட்டும் ஒலிக்கவில்லை

எது ஊமை என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய முயல்வதுதான் இங்கே பலரும் செய்யும் தவறு. ஒரே காற்றறையைப் பகிர்ந்துகொள்ளும் ஸ்பீக்கர்களில் ஒன்று செத்திருந்தாலும், பக்கத்து ஸ்பீக்கர் உள்ளே தள்ளும் காற்று அதன் கோனையும், அதாவது அசைந்து ஒலி எழுப்பும் கூம்பையும், அசைக்கும். நல்ல கோன் வெளியே வரும்போது செத்தது உள்ளே போகும். அதாவது அசைகிறது, ஆனால் எதிர்த்திசையில் அசைந்து நல்ல ஸ்பீக்கரின் அடித்தொனியையும் சேர்த்தே கெடுக்கிறது. நான்கில் ஒன்று போனதற்கே பேஸ் ஒலி எதிர்பார்த்ததைவிட அதிகமாக மெலிந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். 1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடியின் எட்டு ஸ்பீக்கர் கேபினெட்டைப் போல, இரண்டிரண்டு ஸ்பீக்கர்களுக்குத் தனித்தனி அறை வைத்து மூடிய அமைப்புகளிலும் அறைத்தோழன் அசைவதால் இந்த ஏமாற்று உண்டு.

காதை நம்புவது மேல். தடித்த காகிதத்தை ஒரு முழ நீளக் குழாயாகச் சுருட்டி, ஆம்பில் ஒலியைக் குறைவாக வைத்து, ஒருவரை நடுத்தரச் சுரங்களை விட்டுவிடாமல் வாசிக்கச் சொல்லுங்கள். தாழ்ந்த ஈ தந்தியின் 41 ஹெர்ட்ஸ் இந்தச் சோதனைக்கு உதவாது. அவ்வளவு தாழ்ந்த ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. குழாயின் ஒரு வாயை ஒவ்வொரு கோனின் நடுவுக்கும் அருகே கொண்டுபோய் மறுவாயில் காதை வைத்தால், உயிருள்ள ஸ்பீக்கரில் விரல் தந்தியில் உரசும் சத்தம்வரை தெளிவாகக் கேட்கும். செத்ததில் தூரத்து முனகல் மட்டுமே இருக்கும்.

இனிதான் ஸ்க்ரூ டிரைவர். கேபினெட்டை மல்லாத்திப் படுக்கவைத்து, முன்வலையை எடுத்த பிறகு திருகுகளைக் கழற்றுங்கள். நிற்கவைத்துக் கழற்றினால் கடைசித் திருகு வந்ததும் கனமான காந்தம் முன்னால் சாயும். ஸ்பீக்கரை நெம்பித் தூக்கும்போது கருவியின் நுனியைக் கோன் இருக்கும் பக்கத்துக்கு ஒருபோதும் திருப்பாதீர்கள். காந்தம் அதைச் சட்டென்று இழுக்க, நல்ல கோன் ஓட்டையாகிவிடும். கம்பிகளைக் கழற்றும் முன் எது எங்கே போகிறது என்று கைபேசியில் படம் எடுத்துக்கொள்வதும் நல்லது.

ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் குறைந்தது ஒரு கம்பியையாவது கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். காரணம் இது: மேலே சொன்ன முதல் வகை இணைப்பில் கம்பிகளைக் கழற்றாமல், அறுந்த ஸ்பீக்கரின் டர்மினல்களில் (கம்பிகள் இணையும் முனைகளில்) மீட்டரை வைத்தால் அது அறுந்ததென்று காட்டாது, 18 ஓம் காட்டும், மீட்டரின் மின்னோட்டம் மற்ற மூன்று ஸ்பீக்கர்களின் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்துவிடுகிறது. கம்பியைக் கழற்றியதும் உண்மை வெளிவரும். நல்ல 8 ஓம் ஸ்பீக்கர் 6 அளவில் நிற்கும், அறுந்தது எண்ணே காட்டாது, உள்ளே காயில் சுற்றுகள் உருகி ஒட்டியது எதிர்பார்த்ததைவிடக் குறைவாகக் காட்டும்.

எண் காட்டாத ஸ்பீக்கரையும் அவசரப்பட்டு ஒதுக்கிவிட வேண்டாம். டர்மினலிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் கம்பியை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். பேஸ் வாசிப்பில் கோன் முன்னும் பின்னும் நெடுந்தூரம் போய்வருவதால், அந்தக் கம்பி டர்மினலை விட்டுப் புறப்படும் இடத்திலோ கோனில் நுழையும் இடத்திலோ மடங்கி மடங்கி அறுந்துவிடும். மேலே பின்னல் முழுதாகத் தெரியும். உள்ளே இழைகள் விட்டிருக்கும். மீட்டரை இணைத்தபடியே ஒரு தீக்குச்சியால் அந்தக் கம்பியை மெல்ல இப்படியும் அப்படியும் தள்ளுங்கள். வெறுமையாக இருந்த மீட்டரில் 6.1 என்று ஒரு கணம் தோன்றி மறைந்தால் காயில் பிழைத்திருக்கிறது என்று பொருள். ஒரு ஸ்பீக்கர் உங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. பின்னல் கம்பியை மாற்றிச் சால்டர் செய்யலாம். வளையும் பகுதிக்குள் ஈயம் ஊறாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஈயம் ஏறிய பின்னல் விறைத்துப்போய், அந்த விளிம்பிலேயே மறுபடியும் அறுந்துவிடும்.

விட்டுவிட்டு ஒலிக்கிறது

மேலே சொன்ன பின்னல் கம்பிதான் இதற்கும் முதல் காரணம். மெல்ல வாசித்தால் ஒலித்து, ஓங்கி வாசிக்கும்போது வெட்டினால் பெரும்பாலும் அதுவே. கேபினெட்டைத் தட்டினால் திரும்பி வருகிறது என்றால், டர்மினலில் செருகிய பட்டை இணைப்பி அதிர்வில் தளர்ந்திருக்கும். இடுக்கியால் மெல்ல நெருக்கிச் செருகினால் போதும். மங்கலாக, பொரிந்ததுபோல் தெரியும் சால்டர்களைப் புதுப்பித்துவிடுங்கள்.

ஒலிக்கிறது, ஆனால் உரசுகிறது அல்லது படபடக்கிறது

இரண்டு கைகளின் விரல்களையும் கோனின் எதிரெதிர்ப் பக்கங்களில் சமமாக வைத்து, கோணாமல் மெல்ல உள்ளே அழுத்திப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும். மணல் அரைவதுபோல் விரலுக்குத் தெரிந்தால் காயில் வெந்து உப்பியோ இடம் பெயர்ந்தோ காந்த இடைவெளியில் உரசுகிறது. அசையவே இல்லை என்றால், கீழே விழுந்த அதிர்ச்சியில் காந்தமே நகர்ந்து காயிலைக் கவ்விக்கொண்டிருக்கலாம். இரண்டுக்கும் வீட்டு வைத்தியம் கிடையாது; காயில் உரசினால், கோனையும் காயிலையும் சேர்த்து மாற்றும் ரீகோன் வேலை தெரிந்தவரிடம் கொடுக்கலாம் அல்லது ஸ்பீக்கரையே மாற்றலாம். நகர்ந்த காந்தத்தை ரீகோன் சரிசெய்யாது.

அழுத்தியதில் குறை தெரியவில்லை என்றால் பழுது சிறியதாக இருக்க வாய்ப்பு அதிகம். கோனின் விளிம்பைச் சட்டத்தோடு இணைக்கும் சர்ரவுண்டின் ஒட்டு விட்டிருக்கிறதா, நடுவிலுள்ள மூடி தளர்ந்திருக்கிறதா, பின்னல் கம்பி கோனை அடிக்கிறதா என்று பாருங்கள். முன்வலையும் கைப்பிடித் திருகும் எழுப்பும் அதிர்வை ஸ்பீக்கர் பழுதாக எண்ணிவிடுவது மிகச் சாதாரணம். வலையை எடுத்துவிட்டு ஒரு முறை வாசித்துவிடுங்கள்.

எல்லாம் ஒலிக்கிறது, அடித்தொனி மட்டும் இல்லை

அண்மையில் யாராவது உள்ளே கைவைத்திருந்தால் ஒரு ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் மாறியிருக்கும். கேபிள் முனையில் 9 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் மட்டும் தொடவைத்துக் கோன்களைப் பாருங்கள். எல்லாம் ஒரே திசையில் துள்ள வேண்டும். பிளஸ்ஸோடு பிளஸ் சேர்ந்தால் வெளியே வருவது பொது வழக்கம், பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்கள் பல அதற்கு நேர்மாறு. திசை எதுவானாலும் ஒற்றுமைதான் முக்கியம்.

டிவீட்டர் மட்டும் ஒலிக்கவில்லை

டிவீட்டர் என்பது உயர்ந்த சுரங்களுக்கான சிறு ஸ்பீக்கர். பின்புறத்திலுள்ள அதன் அளவுக் குமிழைப் பலமுறை முழுதாகத் திருப்பிப் பாருங்கள். குமிழின் உள்தடம் கறுத்திருந்தால் ஒலி திரும்பும். அலைவரிசைகளைப் பிரித்து அனுப்பும் கிராஸோவரில் காப்புக்கென்று வைத்த சிறு பல்போ ஃபியூஸோ இருந்தால் அதை அளந்து பாருங்கள். பிறகு டிவீட்டரைக் கழற்றி அளக்கலாம். காயிலே இல்லாத பியஸோ வகை டிவீட்டர் நல்ல நிலையிலும் மீட்டரில் அறுந்ததுபோலவே காட்டும் என்பதால் அதற்கு இந்தச் சோதனை பொருந்தாது. டிவீட்டரில் நேரடியாகப் பேட்டரியைத் தொடவைக்க வேண்டாம்.

புதியதைப் பொருத்துவதற்கு முன்

காயில் உண்மையிலேயே எரிந்திருந்தால், எரித்தது எது என்று தெரியாமல் புதியதைப் பொருத்தாதீர்கள். டிரான்சிஸ்டர் ஆம்பின் அவுட்புட்டில் நேர்திசை மின்னழுத்தம் கசிந்தால் அடுத்த காயிலும் சில நொடிகளில் வெந்துவிடும். எந்த ஒலியும் கொடுக்காமல், வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ஆம்பின் இரண்டு ஸ்பீக்கர் முனைகளுக்கும் இடையே மீட்டரை நேர்திசை மின்னழுத்த நிலையில் வையுங்கள். சில பத்து மில்லிவோல்ட் வரை கவலையில்லை; வோல்ட் கணக்கில் வந்தால் ஆம்ப் முதலில் பழுது பார்க்கப்பட வேண்டும். இந்த அளவை முனைக்கும் ஆம்பின் உலோக உடலுக்கும் இடையே எடுக்கக் கூடாது. இன்றைய கிளாஸ் டி ஆம்புகள் பலவற்றில் இரண்டு முனைகளுமே உடலிலிருந்து உயர்ந்த மின்னழுத்தத்தில் நிற்கும். அதைப் பழுதென்று தவறாக எண்ண நேரும். வால்வு ஆம்பில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் நேர்திசை மின்னோட்டத்தைக் கடத்தாது என்பதால் இந்தச் சோதனை அங்கே தேவைப்படாது.

ஆம்ப் நலமாக இருந்தால் வாசிக்கும் முறையைப் பார்க்க வேண்டும். பேஸ் குமிழை 6 டெசிபல் ஏற்றுவது அந்த அலைவரிசையில் ஆம்பிடம் நான்கு மடங்கு பவர் கேட்பதற்குச் சமம்; 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு. கேபினெட்டில் எழுதிய வாட் அளவு காயில் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதைச் சொல்கிறது. ஐந்து தந்தி பேஸின் தாழ்ந்த பி சுரம் 31 ஹெர்ட்ஸ். அதில் கோன் தன் எல்லையைத் தாண்டிப் பாய்வதற்கு அந்த வாட் அளவில் பாதிகூடத் தேவைப்படாமல் போகலாம்.

புதிய ஸ்பீக்கரின் இம்பிடன்ஸ் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். முடிந்தால் அதே மாதிரியையே தேடுங்கள். 32 ஓம் ஸ்பீக்கர்கள் பேரலலில் இருக்கும் கேபினெட்டில் 8 ஓம் ஒன்றைச் செருகினால், மொத்த மின்தடை விழுவதோடு அந்த ஒன்றே மற்றதைவிட நான்கு மடங்கு பவரை இழுத்துக்கொள்ளும். பொருத்தும்போது விளிம்புப் பட்டை கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து, திருகுகளை ஒன்றுக்கு நேர் எதிரே இருப்பது அடுத்தது என்ற வரிசையில், இரண்டு சுற்றாக முறுக்குங்கள். ஒரே பக்கமாக முறுக்கினால் சட்டம் வளைந்து நல்ல காயிலே உரசத் தொடங்கும்.

மூடிய பிறகு ஜாக்கில் மறுபடியும் அளந்து, பேட்டரியால் திசையைச் சரிபார்த்து, குறைந்த ஒலியில் கால் மணி நேரம் வாசியுங்கள். அந்த ஜாக் அளவையும் உள்ளே இருக்கும் இணைப்பு வகையையும் ஒரு சிறு தாளில் எழுதி ஜாக் தகட்டுக்கு அருகில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை கேபினெட்டைத் திறக்காமலேயே பாதி வேலை முடிந்துவிடும்.